பணப்பையின் பலம் எவ்வளவு? ரெஸ்லா புறக்கணிப்பின் வரவு செலவுக் கணக்கு

அமெரிக்கத் தேர்தலில் எம்மவரில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. கனடாவிலோ ஜேர்மனியிலோ பிரித்தானியாவிலோ வாழ்கின்ற ஒரு தமிழ்க் குடும்பம் வொஷிங்டனில் யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்தத் தேர்தலில் 25 கோடி டொலருக்கு மேல் செலவு செய்த ஒரு தனிமனிதரின் பொருளை வாங்குவதா விடுவதா என்று தீர்மானிக்க முடியும். 2025 ஆம் ஆண்டில் உலகின் பல நகரங்களில் மக்கள் கையில் எடுத்த ஆயுதம் இதுதான். இலோன் மஸ்க் என்ற உலகின் முதற் செல்வந்தரை, அவருடைய ரெஸ்லா கார் நிறுவனத்தின் ஊடாகத் தாக்கினார்கள்.

அது பலித்ததா? எந்த அளவுக்குப் பலித்தது? எம்மைப் போன்ற அகதிக் குடும்பங்கள் இத்தகைய போராட்டத்தில் சேரலாமா, சேர்ந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? வணிகவியல் படித்துக் கணக்காளராகத் தொழில் பார்ப்பவர் என்ற முறையில், உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, இலாப நட்டக் கணக்கைத் திறந்து பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் செய்ய முனைவது.

சொல் பிறந்த கதை

ஆங்கிலத்தில் ‘போய்கொட்’ என்று சொல்லப்படும் புறக்கணிப்பு, ஒரு மனிதரின் பெயர். 1880 இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் காணிகளுக்கு முகவராக இருந்தவர் கப்டன் சார்ள்ஸ் போய்கொட். குத்தகையைக் குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முனைந்தபோது ஊரே அவரை ஒதுக்கியது. வேலைக்கு ஆள் போகவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து சுமார் 50 பேரை இராணுவக் காவலுடன் கொண்டுவந்து அறுவடை செய்தார்கள். சில நூறு பவுண் பெறுமதியான விளைச்சலை எடுக்க அரசுக்கு ஏறத்தாழ 10,000 பவுண் செலவானதாகச் சொல்லப்படுகின்றது. அவ்வருட இறுதியில் போய்கொட் அயர்லாந்தை விட்டே போனார். எதிராளி தன் வழமையான காரியத்தைச் செய்வதற்கான செலவை ஏற்றிவிடுவதே புறக்கணிப்பின் அடிப்படைக் கணக்கு என்பதை இக்கதை காட்டுகின்றது.

கார் முதலாளி ஒருவரை இப்படி எதிர்கொள்வதும் புதிதல்ல. ஹென்றி போர்ட் ஒரு பத்திரிகையை வாங்கி, 1920 முதல் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். யூத மக்களும் அவர்களது நண்பர்களும் போர்ட் கார் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு வழக்கறிஞர் மானநட்ட வழக்கும் போட்டார். 1927 இல் போர்ட் பகிரங்க மன்னிப்புக் கேட்டார், ஆண்டு முடிவில் பத்திரிகையும் மூடப்பட்டது. ஆனால் 1938 இல் அதே போர்ட் நாசி ஜேர்மனியின் உயர் விருதை ஏற்றுக்கொண்டார். சந்தை ஒருவரின் நடத்தைக்கு விலை வைக்கலாம். மனதை மாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஏன் ரெஸ்லா?

மஸ்க்கிடம் பல நிறுவனங்கள் உள்ளன. ஸ்பேஸ் எக்ஸ் பங்குச்சந்தையில் இல்லாத தனியார் நிறுவனமாகவே வளர்ந்தது. அதன் வருமானத்தில் ஒரு பகுதி நாசா, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை போன்ற அரச ஒப்பந்தங்கள். சாதாரண குடும்பம் ரொக்கற் வாங்குவதில்லை, ஆகவே அங்கே நமக்குப் பிடி இல்லை. 2022 ஒக்ரோபரில் 4,400 கோடி டொலருக்கு வாங்கிய ருவிற்றர், இன்றைய எக்ஸ் தளம், விளம்பரதாரர்களை நம்பியது. விளம்பரதாரர்கள் விலகியபோது அவர்களது கூட்டமைப்பு மீது 2024 ஓகஸ்ட் மாதம் எக்ஸ் வழக்குத் தொடுத்தது. சில நாட்களில் அந்த விளம்பரத் தர அமைப்பு மூடப்பட்டது.

ரெஸ்லா அப்படியல்ல. அது பகிரங்கப் பங்குச்சந்தையில் உள்ளது, கணக்குகளைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும், காட்சியறைகள் தெருவோரத்தில் உள்ளன, வாங்குபவர் சாதாரண மனிதர். அதற்கும் மேலாக ஒரு விடயம் உண்டு. மஸ்க்கின் செல்வத்தில் பெரும்பகுதி வங்கியில் காசாக இல்லை, பங்குகளாக உள்ளது. தமது ரெஸ்லா பங்குகளில் 20 கோடிக்கு மேற்பட்டவற்றைத் தனிப்பட்ட கடன்களுக்கு ஈடாக வைத்துள்ளார் என்பது நிறுவனத்தின் சொந்த ஆவணங்களிலேயே உள்ள தகவல். பங்கு விலை விழுந்தால் ஈட்டின் பெறுமதியும் விழும். நகையை அடகு வைத்தவர் தங்க விலை விழும்போது படும் பாடு எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

என்ன நடந்தது?

2025 ஜனவரி 20 இல் டொனால்ட் ட்ரம்ப் மீண்டும் பதவியேற்றார். அன்றே ‘டோஜ்’ எனப்படும் அரச செலவுக் குறைப்புப் பிரிவு உருவானது, அதை முன்னின்று நடத்தியவர் மஸ்க். ஆயிரக்கணக்கான அரச ஊழியர்கள் வேலை இழந்தார்கள். யு.எஸ்.எயிட் என்ற உதவி நிறுவனம் கலைக்கப்பட்டு 2025 ஜூலை 1 உடன் தனி அமைப்பாக இயங்குவது முடிவுக்கு வந்தது. அதே ஜனவரி 25 இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் நடந்த ஏ.எப்.டி கட்சிக் கூட்டத்தில் மஸ்க் காணொளி வழியாகத் தோன்றி ஆதரவு தெரிவித்தார். குடிவரவுக்கு எதிரான அக்கட்சி பெப்ரவரித் தேர்தலில் 20.8 வீத வாக்குடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஜேர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பெப்ரவரியில் அமெரிக்காவில் ‘ரெஸ்லா ரேக்டவுண்’ என்ற பெயரில் போராட்டம் தொடங்கியது. சமூகவியலாளர் ஜோன் டொனோவன், நடிகரும் இயக்குநருமான அலெக்ஸ் வின்ரர் ஆகியோர் ஆரம்பத்தில் அழைப்பு விடுத்தவர்களில் அடங்குவர். காரை விற்றுவிடுங்கள், பங்கை விற்றுவிடுங்கள், காட்சியறை வாசலில் வந்து நில்லுங்கள் என்ற மூன்றே வேண்டுகோள்கள். தலைமைச் செயலகம் இல்லை, அங்கத்துவப் பணம் இல்லை. மார்ச் 29 இல் அமெரிக்காவில் 200 க்கும் மேற்பட்ட ரெஸ்லா நிலையங்களின் முன்னும், கனடா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் ஒரே நாளில் மக்கள் கூடினார்கள்.

எதிர்வினையும் வேகமாகவே வந்தது. மார்ச் 11 இல் ஜனாதிபதி ட்ரம்ப் வெள்ளை மாளிகை முற்றத்தில் ரெஸ்லா கார்களை வரிசையாக நிறுத்தி, தாமே ஒன்றை வாங்குவதாக அறிவித்தார். புறக்கணிப்பையே சட்டவிரோதம் என்று எழுதினார். வர்த்தகச் செயலாளர் ஹவார்ட் லற்னிக் தொலைக்காட்சியில் தோன்றி ரெஸ்லா பங்கை வாங்குமாறு மக்களைக் கேட்டார். ஒரு நாட்டின் அமைச்சர் தனியார் நிறுவனமொன்றின் பங்கை விற்றுக்கொடுக்க முன்வந்தது, அடி எங்கோ பட்டிருக்கின்றது என்பதற்கு நல்ல சாட்சி.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கின்றது?

2025 முதற் காலாண்டில் ரெஸ்லா 336,681 கார்களை விநியோகித்தது. முந்திய ஆண்டின் அதே காலாண்டில் 386,810. வீழ்ச்சி 13 வீதம். தேறிய இலாபம் 139 கோடி டொலரிலிருந்து 40.9 கோடி டொலராக, 71 வீதம் குறைந்தது. இதில் கணக்காளர் கவனிக்கும் வரி ஒன்று உண்டு. அக்காலாண்டில் மாசுக்கட்டுப்பாட்டு வரவுச் சான்றுகளை ஏனைய கார் நிறுவனங்களுக்கு விற்றதால் மட்டும் ரெஸ்லாவுக்கு 59.5 கோடி டொலர் வந்தது. அந்த வரவு இல்லாதிருந்தால் அக்காலாண்டு நட்டத்தில் முடிந்திருக்கும்.

அதே அறிக்கையில், மாறிவரும் அரசியல் உணர்வு தமது பொருட்களின் கேள்வியைப் பாதிக்கக்கூடும் என்று நிறுவனமே எழுதியது. போராட்டக்காரர் சொல்வது ஒன்று, பங்குதாரருக்கு நிறுவனம் தன் கையொப்பத்துடன் சொல்வது வேறு. அறிக்கை வெளியான ஏப்ரல் 22 அன்றே, மே மாதம் முதல் அரசாங்க வேலையில் செலவிடும் நேரத்தைப் பெருமளவு குறைப்பதாக மஸ்க் அறிவித்தார். மே இறுதியில் வெளியேறினார். இதற்கிடையில் ஏப்ரல் 1 இல் விஸ்கொன்சின் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் அவரும் அவர் சார்ந்த அமைப்புகளும் 2 கோடி டொலருக்கு மேல் செலவிட்டும், அவர்கள் ஆதரித்த வேட்பாளர் சுமார் 10 புள்ளிகளால் தோற்றார்.

முழு ஆண்டையும் பார்த்தால், 2023 இல் 18.1 இலட்சம், 2024 இல் 17.9 இலட்சம், 2025 இல் 16.4 இலட்சம் கார்கள். தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு வீழ்ச்சி. மின்சாரக் கார் விற்பனையில் முதலிடம் சீனாவின் பி.வை.டி நிறுவனத்திடம் போனது. ஐரோப்பாவில் 2025 ஜனவரியில் மட்டும் ரெஸ்லா விற்பனை முந்திய ஆண்டைவிட 45 வீதம் குறைந்தது.

இவ்வளவும் புறக்கணிப்பின் விளைவா? அப்படி எழுதினால் அது தவறான கணக்கு. முதற் காலாண்டில் மொடல் வை காரின் புதிய வடிவத்துக்காக எல்லாத் தொழிற்சாலைகளிலும் உற்பத்தி வரிசையை மாற்றினார்கள். சீனக் கார்கள் மலிவாக வந்தன. மறுபக்கத்தில், அமெரிக்காவின் 7,500 டொலர் வரிச்சலுகை செப்ரெம்பர் 30 உடன் முடிந்ததால், மூன்றாம் காலாண்டில் மக்கள் அடித்துப் பிடித்து வாங்கி 497,099 என்ற சாதனை விற்பனை வந்தது. வரிச்சலுகை குறையப்போகின்றது என்று தெரிந்த நோர்வேயிலும் 2025 இல் ரெஸ்லா சாதனை படைத்தது. சலுகை கையில் இருக்கும்போது கொள்கை பின்னால் போய்விடும் என்பது மனித இயல்பு.

எனினும் அரசியலின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் முயற்சியும் நடந்துள்ளது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஒக்ரோபரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 ஒக்ரோபர் முதல் 2025 ஏப்ரல் வரை மஸ்க்கின் கட்சி அரசியல் இல்லாதிருந்தால் அமெரிக்காவில் 10 இலட்சம் முதல் 12.6 இலட்சம் வரையான ரெஸ்லா கார்கள் மேலதிகமாக விற்றிருக்கும். இது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஆனால் அமைப்பு ரீதியான போராட்டம் தொடங்கும் முன்பே ஏராளமான குடும்பங்கள் சத்தமில்லாமல் வேறு கார் வாங்கத் தொடங்கிவிட்டன என்பதை அது காட்டுகின்றது.

எங்கே பலிக்கவில்லை?

பங்கு விலையில். 2024 டிசம்பரில் 480 டொலர் அளவில் இருந்த ரெஸ்லா பங்கு, 2025 மார்ச் 10 இல் ஒரே நாளில் 15 வீதம் விழுந்து, ஏப்ரல் தொடக்கத்தில் 225 டொலருக்கும் கீழே போனது. போராட்டக்காரர் மகிழ்ந்தார்கள். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் பங்கு பழைய உச்சத்தையும் தாண்டியது. நவம்பர் 6 இல், இலக்குகளை எட்டினால் ஒரு ரில்லியன் டொலர் வரை பெறுமதியான பங்குகளை மஸ்க்குக்கு வழங்கும் திட்டத்தைப் பங்குதாரர்கள் 75 வீதத்துக்கு மேல் ஆதரித்து நிறைவேற்றினார்கள்.

விற்பனை விழ, பங்கு ஏறுவது எப்படி? முதலீட்டாளர் இன்றைய கார் விற்பனைக்கு விலை கொடுக்கவில்லை. நாளைய சாரதியற்ற வாடகைக் கார், மனித வடிவ இயந்திரம் என்ற எதிர்பார்ப்புக்கு விலை கொடுக்கின்றார்கள். எதிர்பார்ப்பை வாடிக்கையாளர் புறக்கணிக்க முடியாது. ஆகவே நுகர்வோர் போராட்டம் இலாப நட்டக் கணக்கைத் தொட்டது, சந்தைப் பெறுமதியைச் சில மாதங்களுக்கு மேல் தொட முடியவில்லை. இந்த எல்லையை அறியாமல் இறங்குபவர்கள் விரைவில் சோர்ந்து போவார்கள்.

பெரிய கொள்வனவாளரின் பலம்

தனிக் குடும்பத்தைவிட நிறுவனங்களின் முடிவு கனமானது. கனடாவின் ஒன்ராறியோ அரசு, கிராமப்புற மற்றும் வடபகுதி இணைய வசதிக்காக ஸ்ரார்லிங்குடன் செய்த 10 கோடி கனடிய டொலர் ஒப்பந்தத்தை, அமெரிக்க வரிவிதிப்புக்குப் பதிலடியாக 2025 இல் ரத்துச் செய்தது. நெதர்லாந்தின் பெரிய ஓய்வூதிய நிதியமான ஏ.பி.பி, மஸ்க்கின் ஊதியத் திட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டுக்குப் பின்னர் தன்னிடமிருந்த ரெஸ்லா பங்குகள் அனைத்தையும் விற்றது. நோர்வேயின் அரச முதலீட்டு நிதியம் நவம்பர் வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தது. சுவீடனில் 2023 ஒக்ரோபர் 27 இல் தொடங்கிய ரெஸ்லா திருத்துநர்களின் வேலைநிறுத்தத்துக்கு, துறைமுகத் தொழிலாளர், மின்னிணைப்பாளர், வாகன இலக்கத்தகடுகளை விநியோகிக்கும் தபால் ஊழியர் எனப் பல தொழிற்சங்கங்கள் தோள் கொடுத்தன.

எமது சொந்த அனுபவமும் இதையே சொல்கின்றது. 2009 இன் பின் இலங்கைப் பொருட்களைப் புறக்கணிப்போம் என்று எமது அமைப்புகள் அழைப்பு விடுத்தன. எமது கடைகளின் தட்டுகளில் பிஸ்கற்றும் நெக்டோவும் தேயிலையும் இன்றும் இருப்பதே அதன் முடிவு. ஆனால் மனித உரிமைக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்ட் மாதம் ஜி.எஸ்.பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியபோது கொழும்பு உண்மையில் கணக்குப் பார்த்தது. 2017 மே மாதம் அதைத் திரும்பப் பெறும்வரை அந்த இழப்பு பேசப்பட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக் கூடையால் கதவைத் தட்டலாம். திறக்க வைப்பதற்குப் பெரிய கொள்வனவாளர் வேண்டும்.

எம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஏற்கனவே வாங்கிய காரை அவசரப்பட்டு விற்காதீர்கள். உதாரணமாக, காருக்குக் கட்ட வேண்டிய கடன் 35,000, இன்றைய சந்தை விலை 28,000 என்றால், விற்றதும் உங்கள் கையால் 7,000 போட வேண்டும். நிறுவனம் தனக்குரிய பணத்தை வாங்கிய அன்றே பெற்றுவிட்டது. உங்கள் நட்டம் அதன் ஏட்டில் எங்கும் பதியப்படாது. பலர் ஒரே நேரத்தில் விற்றால் பழைய கார்களின் விலை இறங்கி, புதிய கார் வாங்குபவரையும் யோசிக்க வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் படிப்புக் காசை அதற்காக எரிக்க வேண்டியதில்லை. போன செலவு போனதுதான். அடுத்த கார், அடுத்த இணைய இணைப்பு, அடுத்த சந்தா ஆகியவையே உங்கள் கையில் உள்ள வாக்குகள்.

இரண்டாவது, ஓய்வூதியக் கணக்கைப் பாருங்கள். 2020 டிசம்பர் முதல் ரெஸ்லா அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணில் உள்ளது. சுட்டெண் நிதியத்தில் பணம் போட்டவர் எல்லோரும் தெரியாமலே அதன் பங்குதாரர். அதற்காக நிதியத்தை விட்டு ஓட வேண்டாம். ஆனால் பங்குதாரர் கூட்டத்தில் எனது சார்பில் எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டு நிதியத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். அந்தக் கேள்விக்கு முத்திரைச் செலவு மட்டுமே.

மூன்றாவது, வதிவிட நிலை. அமெரிக்காவில் அரசியல் நோக்கம் கொண்ட அமைதியான புறக்கணிப்பு பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 1982 இல் உச்ச நீதிமன்றம், மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களின் 1966 ஆம் ஆண்டுக் கடைப் புறக்கணிப்பு வழக்கில் தீர்ப்பளித்தது. வன்முறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் குடியுரிமை உள்ளவருக்கும் தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. 2025 இல் அமெரிக்காவில் போராட்டங்களில் ஈடுபட்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாக்கள் ரத்தாகின. தஞ்சக் கோரிக்கையில் உள்ளவர்கள் காட்சியறை வாசலுக்குப் போகும் முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்காமல் இருப்பதற்கு எந்த நாட்டிலும் அனுமதிப் பத்திரம் தேவையில்லை.

நான்காவது, பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் லாஸ் வேகாசில் ரெஸ்லா கார்கள் எரிக்கப்பட்டபோது அமெரிக்க நீதித்துறை அதனை உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று அழைத்தது. தெருவில் நிற்கும் காரைக் கீறுவதால் மஸ்க்குக்கு ஒரு சதமும் குறையாது. அந்தக் கார் உங்கள் அயலவருடையது, சில வேளை வாடகைக் கார் ஓடிப் பிழைக்கும் எம்மவர் ஒருவருடையது. பயங்கரவாதம் என்ற சொல் எவ்வளவு இலகுவாக ஒட்டும், எவ்வளவு கடினமாகக் கழரும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

ஐந்தாவது, கோரிக்கை. என்ன நடந்தால் நிறுத்துவோம் என்று சொல்லாத புறக்கணிப்பு, விலை போடாத பற்றுச்சீட்டுப் போன்றது. மஸ்க் அரசாங்கத்தை விட்டு விலக வேண்டும் என்பது தெளிவான கோரிக்கையாக இருந்தது, அது நடந்ததும் கூட்டமும் மெலிந்தது. அவரது பணம் அரசியலுக்குள் பாய்வதை நிறுத்துவது வேறு கோரிக்கை. அதற்குச் சட்டமும் தேர்தலும் வேண்டும், கார்ச் சந்தை போதாது.

ஐந்தொகையைக் கட்டினால், வரவுப் பக்கத்தில் ஒரு காலாண்டின் இலாபத்தில் பெரும் சரிவு, நிறுவனத்தின் சொந்த ஒப்புதல், அரசாங்கத்திலிருந்து ஒரு விலகல் ஆகியவை உள்ளன. மறுபக்கத்தில், மீண்டும் ஏறிய பங்கு விலையும் முன்னரைவிடப் பெரிய ஊதியத் திட்டமும் உள்ளன. இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடுத்த தடவை ஏதாவது ஒரு நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லி வட்சப்பில் செய்தி வரும்போது, அதை மற்றவருக்கு அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். அந்த நிறுவனத்துக்குப் பணம் யாரிடமிருந்து வருகின்றது? அதில் எம் பங்கு எவ்வளவு? எது நடந்தால் நாம் நிறுத்துவோம்?